மேலே பெய்த மழை: சாக்செட்பாக் விபத்தும் முதன்முறை கேன்யனிங் போகிறவரும்

1999 ஜூலை 27, மாலை நேரம். சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் நகருக்குப் பக்கத்தில் ஓடும் சாக்செட்பாக் என்ற மலை ஓடையின் குறுகிய பள்ளத்துக்குள் கேன்யனிங் என்ற சாகசத்துக்காக 45 சுற்றுலாப் பயணிகளும் 8 வழிகாட்டிகளும் இறங்கியிருந்தார்கள். பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இடியோடு மழை கொட்டியது. மரக்கட்டை, கல், சேறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வெள்ளம் கீழே வந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் பயணிகள், 3 பேர் வழிகாட்டிகள். 14 பேர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள். ஓடை போய்ச் சேரும் லூட்ஷினே ஆற்றிலும், அந்த ஆறு கலக்கும் பிரியன்ஸ் ஏரியிலும் உடல்கள் மீட்கப்பட்டன.

கால் நூற்றாண்டுக்கு முந்தைய விபத்தை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. அன்று உள்ளே இருந்தவர்கள் மலையேற்ற வீரர்கள் இல்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் அரை நாள் சாகசத்துக்குப் பணம் கட்டிய இளைஞர்கள். இன்றைக்கு முதல்முறையாக ஒரு கேன்யனிங் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் எவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். கருவியை நடத்துகிறவர்களே தருகிறார்கள், வழிகாட்டி கூடவே வருகிறார், சொன்னதைச் செய்தால் போதும் என்ற நம்பிக்கையில்தான் யாரும் கிளம்புவார்கள். அது தப்பான நம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் வழிகாட்டியோடு போவதன் பொருளே அதுதான். ஆனால் அந்த நம்பிக்கையை எதன்மேல் வைக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க இந்த விபத்தைப் போல உதவும் நிகழ்வு வேறு இல்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும்

மலை ஓடை பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்கின் வழியாக, தண்ணீரோடு சேர்ந்து மேலிருந்து கீழே வருவதுதான் கேன்யனிங். நடப்பது, நீந்துவது, வழுவழுப்பான பாறையில் சறுக்குவது, மடுவில் குதிப்பது, அருவியின் ஓரமாகக் கயிற்றில் இறங்குவது எல்லாம் ஒரே பயணத்தில் வரும். பிரெஞ்சு முறையில் ஒவ்வொரு பாதைக்கும் மூன்று தனித்தனி மதிப்பீடுகள் உண்டு. செங்குத்தான இறக்கங்கள் எவ்வளவு கடினம் என்பதற்கு v1 முதல் v7 வரை. தண்ணீரின் கடுமைக்கு a1 முதல் a7 வரை. நடுவழியில் வெளியேறுவது எவ்வளவு சிரமம், மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு I முதல் VI வரை ரோமன் எண். புதியவர்களைக் கூட்டிப்போகும் பாதைகள் இந்த அளவுகோலில் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். பலரும் முதல் இரண்டு எண்களை மட்டும் கவனிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த ரோமன் எண்தான் முக்கியம். ஏதாவது தவறினால் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறி வெளியே வரலாம் என்பதற்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது.

உடைக்கு நியோப்ரீன் என்ற ரப்பர் வகையில் செய்த, உடம்போடு ஒட்டும் வெட்சூட் தருவார்கள். குளிர்ந்த ஓடைகளில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பாகங்களாக இருக்கும். உடம்புக்கும் துணிக்கும் நடுவே புகும் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும். வெட்சூட் தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும், சூடு நிற்காது. அதனால் போடும்போது மூச்சு முட்டுவதுபோல் இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் சரியான அளவுதான். ஹெல்மெட், கால் தாங்கும் ஷூ, கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸ் என்ற பட்டை. பாறையில் சறுக்கும்போது வெட்சூட் கிழியாமல் இருக்க ஹார்னஸின் பின்பக்கம் தடிமனான ஒரு மறைப்பு தொங்கும். கயிற்றில் இறங்க எட்டு வடிவில் ஒரு உலோகக் கருவி, அல்லது அதன் நவீன வடிவம் ஒன்று இருக்கும். கயிறு அதன் வழியாக உரசிப் போவதால் வேகம் கட்டுப்படும்.

கயிறு கட்டுவதில் புதியவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. திறமையான வழிகாட்டி, பாரம் தொங்கும்போதே தளர்த்திவிடக்கூடிய விதமாகக் கயிற்றைக் கட்டுவார். அருவிக்குள் தலைமுடியோ பட்டையோ கருவியில் சிக்கி ஒருவர் நடுவில் தொங்கிவிட்டால், மேலே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு அவரைக் கீழே இறக்கலாம். அருவிக்கு அடியில் ஒரு நிமிடம் தொங்குவதும் ஆபத்துதான் என்பதால் பழகிய முறை இது. கயிற்றின் நீளத்தையும் மடுவின் நீர்மட்டம் வரைக்கும்தான் விடுவார்கள். இறங்கி முடித்ததும் கயிறு தானாகவே கருவியிலிருந்து கழன்றுவிடும், தண்ணீருக்குள் முடிச்சோடு போராட வேண்டியதில்லை.

பயம் போகும் இடம்

முதன்முறை போகிறவரின் பயம் முழுக்க குதிப்பதன்மேல்தான் இருக்கும். விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது உயரம் இரட்டிப்பாகத் தெரியும். அது இயல்புதான். ஆனால் குதிப்பு என்பது வழிகாட்டி பெருமளவு கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று. மடுவின் ஆழத்தை முதலில் அவரோ சக வழிகாட்டியோ இறங்கிச் சோதிப்பார். எங்கே காலை வைத்துக் கிளம்புவது, எந்த இடத்தில் விழுவது என்று காட்டுவார். கால் முதலில், முழங்கால் லேசாக மடங்கியிருக்க, கைகள் உடம்போடு ஒட்டி. சறுக்கலில் மல்லாந்து, கால்களைச் சேர்த்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். முழங்கையை ஊன்றினால் தோள் போகும். போன வருடம் ஆழமாக இருந்த மடு, ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு கல்லும் மணலும் நிரம்பி இந்த வருடம் ஆழமற்றுக் கிடக்கலாம். அதனால் “இங்கே எப்போதும் குதிப்போம்” என்ற பேச்சு செல்லாது, ஒவ்வொரு நாளும் பார்க்கத்தான் வேண்டும். குதிக்க மனமில்லை என்றால் புதியவர்களுக்கான பாதைகளில் பெரும்பாலும் கயிறு கட்டி இறக்கிவிடுவார்கள். இதைக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கயிற்றில் முதல்முறை இறங்கும்போது உடம்பு பாறையை அணைத்துக்கொள்ளப் பார்க்கும். அப்படிச் செய்தால் கால் வழுக்கி முகம் பாறையில் மோதும். பின்னால் சாய்ந்து, ஹார்னஸில் உட்காருவதுபோல் எடையைக் கொடுத்து, பாதங்களை அகலமாகப் பாறையில் பதிக்க வேண்டும். சொல்லும்போது எளிது. முதல் இரண்டு அடி மட்டும்தான் கஷ்டம், அப்புறம் உடம்பே பிடித்துக்கொள்ளும்.

சிறு காயங்கள் வீரச் செயல்களில் ஏற்படுவது குறைவு. நடக்கும்போதுதான் அதிகம். பாசி படிந்த கல், தண்ணீருக்கு அடியில் தெரியாத பொந்து, சுளுக்கிய கணுக்கால். களைப்பும் குளிரும் சேர்ந்த கடைசிக் கட்டத்தில் கால் நிதானம் இழக்கும். நடுக்கம் நிற்காமல் வந்தாலோ, விரல் மரத்துப்போய் காரபினரை, அதாவது கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியைத் திறக்க முடியாமல் போனாலோ வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். வழிகாட்டிக்கு அது முக்கியமான தகவல், ஏனென்றால் குழுவின் வேகம் மிகவும் களைத்தவரின் வேகம்தான்.

அருவி விழும் இடத்து வெள்ளை நுரையும் புதியவரை ஏமாற்றும். நுரையில் காற்று அதிகம், அதனால் அது சாதாரணத் தண்ணீர்போல் உடம்பைத் தாங்காது. நீந்தினாலும் மேலே வருவது கடினம். அருவியடியில் தண்ணீர் சுழன்று மறுபடி உள்ளேயே இழுக்கும் இடங்களும் உண்டு. எந்தப் பக்கமாக நீந்து என்று வழிகாட்டி கை காட்டினால், காரணம் புரியாவிட்டாலும் அந்தப் பக்கமே நீந்துவது நல்லது. அருவிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. விசிலும் கை சைகையும்தான் மொழி. அவை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால் ஆரம்பத்தில் சொல்லித்தரும்போது கவனித்துவிட வேண்டும்.

இதுவரை சொன்ன ஆபத்துகள் எல்லாம் பள்ளத்துக்கு உள்ளே இருப்பவை. உள்ளே நிற்பவர் கண்ணால் பார்க்கலாம், வழிகாட்டி கையால் சரிசெய்யலாம். சாக்செட்பாக்கில் 21 பேரைக் கொன்றது உள்ளே இருக்கவில்லை.

மலை ஒரு புனல்

ஓர் ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வடிந்து வருகிறதோ அந்த நிலம் முழுவதும் அதன் நீர்பிடிப்புப் பகுதி. மலை ஒரு பெரிய புனல் என்றால், கேன்யனிங் நடக்கும் இடுக்கு அதன் குழாய். குழாய்க்குள் நிற்பவருக்குப் புனலின் வாயில் என்ன ஊற்றப்படுகிறது என்பது தெரியாது. தலைக்கு மேலே தெரிவது ஒரு கீற்று வானம்தான். அது நீலமாகவே இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்புப் பகுதியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை இடிமழைக்கு இது பெரிய அளவே இல்லை. மொத்தம் 1,00,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது 1 லட்சம் டன். அதில் பாதி மண்ணில் இறங்கிவிட்டு மீதி ஒரு மணி நேரத்தில் சீராக வடிந்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 14 டன் வரும். புதியவர்கள் விளையாடும் ஓடைகளில் சாதாரண நாளில் நொடிக்குச் சில நூறு லிட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம்தான். அதுவும் உண்மையில் சீராக வராது. ஒடிந்த மரங்கள் இடுக்கில் சிக்கித் தற்காலிக அணை போலத் தண்ணீரைத் தேக்கி, பிறகு உடைந்தால் தேங்கியது மொத்தமும் ஒரே சுவராக வரும். திறந்தவெளி ஆற்றில் அதே தண்ணீர் அகலமாகப் பரவிவிடும். இரண்டு பாறைகளுக்கு நடுவே அதற்குப் பக்கவாட்டில் இடமில்லை, மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் உடம்பின்மேல் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். நன்றாக நீந்தத் தெரியும் என்பதற்கு அங்கே எந்த அர்த்தமும் இல்லை.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. தெளிந்த தண்ணீர் கலங்கலாகும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், மண் வாசனை வரும், அருவியின் சத்தம் கனக்கும், நீர்மட்டம் கல்லில் அடையாளம் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஏறும். வழிகாட்டிகள் இவற்றைப் பழகியவர்கள். முதல்முறை போகிறவரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் இந்த அறிகுறிகளுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்களாக இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். அந்த நேரத்துக்குள் ஏறிப் போக ஓர் உயரமான இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது அறிகுறி தெரிந்தும் பயனில்லை. ஆகவே உண்மையான முடிவு பள்ளத்துக்கு வெளியே, வெட்சூட் போடுவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது.

நீதிமன்றம் யாரைப் பார்த்தது

சாக்செட்பாக் வழக்கின் தீர்ப்பு 2001 டிசம்பரில் வந்தது. பயணத்தை நடத்திய நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த 6 பேர் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். நிறுத்திவைக்கப்பட்ட சில மாதச் சிறைத்தண்டனையும் அபராதமும்தான் கிடைத்தது. 2 வழிகாட்டிகள் விடுவிக்கப்பட்டார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

தண்டனையின் அளவு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் கவனிப்பது வேறொன்றை: பழி எந்தப் படியில் போய் நின்றது என்பதை. கயிற்றைப் பிடித்திருந்த கடைநிலை ஆளின்மேல் அது நிற்கவில்லை. எந்த வானிலையில் போகலாம், எப்போது நிறுத்த வேண்டும், யார் அதைச் சொல்ல வேண்டும் என்று முறை வகுக்க வேண்டியவர்கள்மேல் போனது. இது சரியான இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆல்ப்ஸில் கோடை பிற்பகலில் இடிமழை வருவது அபூர்வமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மழை எதிர்பாராதது என்ற வாதம் நிற்காது. 45 பேர் பணம் கட்டிக் காத்திருக்கும் இடத்தில், மேகத்தைப் பார்த்து “இன்றைக்கு வேண்டாம்” என்று ஒரு இளம் வழிகாட்டி சொல்ல வேண்டுமென்றால், அதற்கான அதிகாரத்தை அவருக்கு முன்கூட்டியே யாராவது கொடுத்திருக்க வேண்டும். சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் இதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. 2003-இல் சாகச நிறுவனங்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தருவதற்கு ஓர் அறக்கட்டளை உருவானது. மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்தான சாகசங்களை நடத்துகிறவர்களுக்குமான கூட்டாட்சிச் சட்டம் 2010 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில்முறை கேன்யனிங்குக்கு அனுமதி கட்டாயமானது அதன்படிதான். விபத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அதே கதை, வேறு பள்ளங்கள்

2018 ஆகஸ்ட் 1 அன்று பிரான்ஸின் கோர்சிகா தீவில் சோய்க்கு பள்ளத்தில் திடீர் வெள்ளம் வந்தது. வழிகாட்டி உட்பட 5 பேர் இறந்தார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி, இத்தாலியின் கலாப்ரியாவில் ரகனெல்லோ பள்ளத்தில் 10 பேர் இறந்தார்கள். அங்கும் ஒரு வழிகாட்டி இறந்தார். அன்றைக்கு அந்தப் பகுதிக்கு மஞ்சள் வானிலை எச்சரிக்கை இருந்தது. மஞ்சள் என்றால் பலர் கண்டுகொள்வதில்லை. நகரத்தில் குடையோடு சமாளிக்கக்கூடிய மஞ்சளுக்கும், இடுக்குக்குள் நிற்கும்போது வரும் மஞ்சளுக்கும் இருக்கும் தூரம் பெரிது.

அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2015 செப்டம்பர் 14 அன்று கீஹோல் கேன்யனில் 7 பேர் வெள்ளத்தில் இறந்தது கொஞ்சம் வேறு வகை. அவர்கள் வழிகாட்டி இல்லாமல் போனவர்கள். அன்று காலையிலேயே திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பு அதிகம் என்ற முன்னறிவிப்பு இருந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, போவதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வழிகாட்டி இருந்தால் கயிறு, குதிப்பு, குளிர், நுரை எல்லாவற்றிலும் ஆபத்து வெகுவாகக் குறையும். வெள்ளத்தில் அவர் கூடவே இருப்பது மட்டும் காப்பாற்றாது. அவர் உங்களை உள்ளே கூட்டிப்போகாமல் இருந்தால்தான் காப்பாற்றும். முதல்முறை போகிறவர் கட்டும் பணம் கயிறு பிடிக்கும் கைக்கு மட்டும் போவதில்லை. மேகம் திரண்ட நாளில் திருப்பி அனுப்பும் துணிச்சலுக்கும் சேர்த்துத்தான் போகிறது.

பெயர் கொடுக்கும் முன்

ஒரு புதியவரால் நீர்பிடிப்புப் பகுதியின் வரைபடத்தை வைத்து ஆராய முடியாது, அது அவர் வேலையும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். பதிலைவிட, பதில் வரும் விதத்தில் நிறைய தெரியும். வானிலையை எங்கே பார்க்கிறீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால், திறமையானவர் பள்ளத்தின் வானிலையைச் சொல்லமாட்டார், மேலே உள்ள மலையின் வானிலையைச் சொல்வார். கடந்த சில நாட்களில் அங்கே பெய்ததையும் சொல்வார், ஏனென்றால் ஏற்கெனவே ஊறிய மண் புது மழையை உள்வாங்காது. மேலே அணையோ நீர்மின் நிலையமோ இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருந்தால் தண்ணீர் திறப்பதைப் பற்றி அவர்களோடு பேசி வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும், மழையே இல்லாத நாளிலும் மதகு திறக்கலாம். நடுவழியில் வெளியேற எத்தனை இடங்கள் உண்டு, கடைசி இடத்துக்கு அப்பால் எவ்வளவு நேரம் சுவர்களுக்கு நடுவே இருப்போம் என்பதும் முக்கியம். பிற்பகல் இடிமழை வழக்கமான மலையில் காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எந்தக் கேள்வியும் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று.

குழுவின் அளவையும் பாருங்கள். சாக்செட்பாக்கில் ஒரே ஓடைக்குள் 53 பேர் இருந்தார்கள். ஒவ்வோர் இறக்கத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால், கூட்டம் பெரிதானால் எல்லோரும் இடுக்கில் நிற்கும் நேரம் கூடும். வெளியேறும் இடத்துக்கு எல்லோரையும் ஏற்றவும் அத்தனை நேரமாகும்.

மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ரத்து செய்தால் நிறுவனம் எவ்வளவு இழக்கும் என்பது, அவர்கள் எவ்வளவு சுலபமாக ரத்து செய்வார்கள் என்பதைக் காட்டிவிடும். பயணிகளும் அந்த அழுத்தத்தில் பங்காளிகள்தான். நாளைக்கு விமானம், இன்றைக்கு விட்டால் இல்லை என்று வழிகாட்டியிடம் கெஞ்சும் குழு, தெரியாமலே அவர் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.

கடைசியாக வானிலை காரணமாக எப்போது ரத்து செய்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிடலாம். உடனே ஒரு நாளைச் சொல்லி, அன்று மலையில் என்ன பார்த்தார் என்றும் விவரிப்பவரோடு போகலாம். இந்த சீசன் முழுக்க ஒரு பயணத்தைக்கூட ரத்து செய்ததில்லை என்று பெருமையாகச் சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.